ஏரோத் தீவு வீட்டுக்கு முன்பணம்

மெப்பல், ஹாலந்து
11 ஜனவரி 1998

அன்புத் தங்கை ஹில்டியாவுக்கு அண்ணன் வீபே எழுதிக்கொள்வது. நான் சுகமாக இருக்கிறேன். காது மட்டும் படகு எஞ்சினோடு போனது போனதுதான். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்பித்தான் பேனா மூடியைத் திறந்தேன்.

ஆமாம், நானேதான். பக்கத்து வீட்டுக்காரர் யாரும் உட்கார்ந்து எழுதித் தரவில்லை. இந்தத் தாளில் இருப்பது முழுக்க என் கை. வியாழக்கிழமை தொடங்கினேன், இன்று ஞாயிறு. கை வலிக்கிறது, ஆனால் நிறுத்த மனம் வரவில்லை.

ஒன்றேகால் வருடமாக நூலக மாடியில் செவ்வாயும் வெள்ளியும் வகுப்புக்குப் போகிறேன். உன்னையாவது ஒன்பது வயதில் படகுக்காரர் பிள்ளைகளின் விடுதியில் சேர்த்தார்கள். நான் அப்பாவோடு சரக்குப் படகில் ஊர் ஊராகப் போனவன். இங்கே இரண்டு வாரம், அங்கே மூன்று நாள் என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுந்ததோடு என் படிப்பு சரி. இப்போது எல்லாவற்றையும் படிக்கிறேன். கடுகு பாட்டில், மருந்துச் சீட்டு, ரயில் நிலையப் பலகை. நீ கடைசியாக இங்கே வந்துபோய்ப் பதினான்கு வருடம். மூன்று ரயில் மாறி, ஒரு கப்பல் ஏறி நான் ஒரு தடவைகூட உன்னிடம் வராததற்குக் காரணம் அந்தப் பலகைகள்தான். இதை என் மனைவி ஆல்டாவிடம்கூட நான் சொன்னதில்லை. இப்போது அவளும் இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நம் படகோட்டிகள் சங்கத்து மாத இதழுக்கு முப்பது வருடமாகச் சந்தா கட்டிப் படம் மட்டும் பார்த்து வந்தேன். ஜனவரி இதழை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன். கடைசிப் பக்கத்தில் இந்த விளம்பரம்: “டென்மார்க், ஏரோத் தீவு. கடல் பார்த்த தனி வீடு விடுமுறைக்கு. வாரக் கணக்கில். உரிமையாளருக்கு டச்சு தெரியும். பாதி வாடகை முன்பணம். எ. நோர்பி, தபால் பெட்டி 14, மார்ஸ்டால்.”

உன் தீவு! உன் ஊர்! ஜூன் 19 அன்று எனக்கு எழுபத்தைந்து. உன் வீட்டில் இடமில்லை என்று நீ பல தடவை எழுதியிருக்கிறாய், அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. பக்கத்தில் ஒரு வீடு எடுத்து இரண்டு வாரம் இருந்துவிட்டு வருகிறேன். பகலில் நீ வா, காபி போட்டுத் தருகிறேன். ஒரே ஒரு உதவி: போய் அந்த வீட்டைப் பார். வீடு என்று ஒன்று இருக்கிறதா, கூரை இருக்கிறதா, நோர்பி எப்படிப்பட்ட ஆள் என்று எழுது. பார்க்காத வீட்டுக்குப் பாதிப் பணம் கொடுக்க எனக்குக் கை வராது.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
வீபே


மார்ஸ்டால், ஏரோ
2 பிப்ரவரி 1998

இந்தக் கடிதத்தை எழுதியவர் யாரோ, அவருக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. என் அண்ணன் வீபேவுக்கு எழுதத் தெரியாது. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் நங்கூரம் வரைவான். அவன் மனைவி இருந்தவரை எல்லாக் கடிதத்தையும் அவள்தான் எழுதினாள். அவள் போன பிறகு அச்சடித்த கிறிஸ்துமஸ் அட்டைதான் வரும். திடீரென்று இரண்டு பக்கக் கடிதம் வந்தால் நான் நம்ப வேண்டுமா? அதுவும் ஏதோ ஒரு வீடு, முன்பணம் என்று. வயதான பெண்களுக்குச் சொந்தக்காரன்போல எழுதிப் பணம் கறப்பவர்களைப் பற்றி எங்கள் தீவிலும் கேள்விப்பட்டிருக்கிறோம்.

நீங்கள் உண்மையிலேயே வீபே என்றால், 1938இல் ஸ்வார்ட்ஸ்லைஸ் மதகில் தண்ணீரில் விழுந்தது என்ன என்று எழுதுங்கள். தெரியாவிட்டால் மறுபடி எழுத வேண்டாம். எழுதினால் காவல் நிலையத்துக்குப் போவேன்.

ஒருவேளை நீ அண்ணன்தான் என்றால்: அப்படி ஒரு வீடு எனக்குத் தெரியாது. யாருக்கும் ஒரு காசுகூட அனுப்பாதே.

ஹில்டியா


மெப்பல்
10 பிப்ரவரி 1998

அன்புத் தங்கைக்கு,

சுகம். உன் கடிதம் வந்ததிலிருந்து இன்னும் சுகம். என்னை மோசடிக்காரன் என்று நினைத்துவிட்டாயே, அவ்வளவு நன்றாகவா எழுதியிருந்தேன்? வகுப்பில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஆசிரியை ஃபென்னா கை தட்டினார். என் பக்கத்தில் உட்காரும் கூர்ட், இறைச்சிக் கூடத்தில் நாற்பது வருடம் வேலை செய்தவன், பொறாமையில் மேசையைத் தட்டினான்.

“யோவ் வீபே, என் தம்பிக்கு நானும்தான் எழுதினேன். சந்தேகப்படவே இல்லையே அவன்!”

“நீ எழுதினதுல கையெழுத்தப் பாத்தே கண்டுபிடிச்சிருப்பான்” என்றேன்.

தண்ணீரில் விழுந்தது அம்மாவின் தையல் இயந்திரம். விழவில்லை, நீதான் தள்ளினாய். மேல்தளத்தில் அதன்மேல் ஏறி நின்று கரையில் இருந்த பெண்களுக்குக் கையசைத்தாய். அடி வாங்கியது நான். இந்த அறுபது வருடத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் எழுதுகிறேன். எழுதியதைச் சத்தம் போட்டுப் படித்தும் பார்த்தேன்.

அந்த வீடு உனக்குத் தெரியாது என்றால் விசாரித்துச் சொல். மார்ஸ்டால் என்ன ஆம்ஸ்டர்டாமா? யார் வீட்டில் என்ன சூப் என்று எல்லோருக்கும் தெரிந்த ஊர் என்று நீயேதான் ஒரு முறை எழுதியிருந்தாய், ஆல்டா படித்துக் காட்டினாள். நான் நோர்பிக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். ஜூன் 13 முதல் 27 வரை வேண்டும் என்று மூன்றே வரி.

குளிரில் வெளியே போகும்போது கழுத்தைச் சுற்றிக்கொள்.

அண்ணன்
வீபே


தபால் பெட்டி 14, மார்ஸ்டால்
24 பிப்ரவரி 1998

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு வார வாடகை ஐயாயிரம் குரோனர். பாதி, அதாவது இரண்டாயிரத்து ஐந்நூறு, முன்பணமாக வந்த பிறகே தேதி உறுதி. மீதி வந்து சேரும் அன்று. மின்சாரம் மீட்டர்படி தனி. படுக்கை விரிப்பு தாங்களே கொண்டுவர வேண்டும். போகும்போது வீட்டைச் சுத்தம் செய்துவிட்டுப் போக வேண்டும். எந்தக் காரணத்துக்காகவும் முன்பணம் திருப்பித் தரப்படாது. உரிமையாளர் அங்கே வசிப்பதில்லை.

ஒன்றைத் தெரிவிப்பது என் கடமை. எழுபத்தைந்து வயதானவருக்கு இந்த வீடு ஏற்றதல்ல. மாடிப்படி செங்குத்து. ஜூனில் காற்று பலம். கப்பலும் ஆடும். தாங்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது.

மரியாதையுடன்,
எ. நோர்பி


மெப்பல்
5 மார்ச் 1998

அன்புத் தங்கைக்கு,

இங்கே பனி விட்டுவிட்டது, முட்டி வலியும் கொஞ்சம் விட்டிருக்கிறது. உன் முதுகு எப்படி?

நோர்பி பதில் போட்டுவிட்டான். தட்டச்சில். நம் ஆசிரியையைவிட நல்ல டச்சு. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. வாடகைக்கு விடுகிறவன், வீட்டைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிப் பணத்தை வாங்குவானா, வராதே என்று சொல்வானா?

வெள்ளிக்கிழமை வகுப்பில் இதைத்தான் பேசினோம். வசந்தம் வந்தால் பாதிப் பேர் வெளிநாட்டில் வீடு எடுப்பார்கள் என்று ஆசிரியை ஒரு தாள் தந்திருக்கிறார். படிக்கவும் பழகலாம், ஏமாறாமலும் இருக்கலாம். வீட்டின் படத்தை அன்றைய செய்தித்தாளோடு எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டுமாம். அவசரப்படுத்தினால் சந்தேகப்பட வேண்டுமாம். பணம் போகும் பெயரும் வீட்டுக்காரர் பெயரும் ஒன்றா என்று பார்க்க வேண்டுமாம். ஆனால் வர வேண்டாம் என்று சொல்லும் வீட்டுக்காரனைப் பற்றித் தாளில் ஒன்றுமே இல்லை.

கூர்ட் சொன்னான்: “அட, ஆசைய மூட்டத்தான்யா வேணாம் வேணாம்ங்கிறான். என் மாமியா கேக்க ஒளிச்சு வெச்சு ஒளிச்சு வெச்சே எல்லாரையும் திங்க வெப்பா.”

“மாடிப்படி செங்குத்துன்னு சொல்லியா ஆசைய மூட்டுவான்?”

“அது கெடக்கட்டும். உன் வயசு அவனுக்கு எப்படித் தெரியும்? மொதல்ல அதச் சொல்லு.”

நான் எந்தக் கடிதத்தையும் முதலில் நோட்டில் எழுதிப் பார்த்துத்தான் தாளில் எழுதுவேன். நோட்டைப் புரட்டினேன். நோர்பிக்கு எழுதிய மூன்று வரியில் என் வயது இல்லை, ஹில்டியா. பெயர், தேதி, வீடு. அவ்வளவுதான்.

உன்னைத் தவிர அந்தத் தீவில் என்னை யாருக்குத் தெரியும்? நீ யாரிடமாவது சொன்னாயா? போய் அந்த வீட்டைப் பார்த்து வா. உனக்குச் சிரமம்தான். ஆனால் பதினான்கு வருடத்தில் உன்னிடம் நான் கேட்கும் முதல் உதவி இது.

பதிலை எதிர்பார்த்து,
அண்ணன்
வீபே


மார்ஸ்டால்
28 மார்ச் 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. சளியும் இருமலும் இரண்டு வாரம் படுக்கையில் போட்டுவிட்டன. இப்போது பரவாயில்லை. உன் முட்டிக்குக் கம்பளித் துணி சுற்று.

நீ சொன்னபடி அந்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். கூரை ஒழுகுகிறது. சுவரெல்லாம் ஈரம். கடல் தெரியும் என்பது பொய், மாடி ஜன்னலில் ஏறி நின்று கழுத்தை நீட்டினால் ஒரு கோடு தெரியும். நோர்பி பெரிய குடிகாரன். முன்பணத்தை வாங்கிக் குடித்துவிட்டுத் தீவை விட்டே ஓடிவிடுவான் என்று ஊரே சொல்கிறது. பக்கத்தில் இருந்த ஒரு கிழவியிடம் விசாரித்தேன். “அந்த வீடாம்மா? காச அதுல போடுறதுக்குப் பதிலா கடல்ல போடுங்க, மீனாவது சந்தோசப்படும்” என்றாள்.

உன் வயதை ரொட்டிக் கடையில் நான்தான் சொல்லியிருப்பேன். என் அண்ணன் எழுபத்தைந்து வயதில் எழுதப் படிக்கக் கற்றுவிட்டான் என்று பெருமையாகச் சொன்னேன். அது நோர்பி காதுக்குப் போயிருக்கும்.

அதுவுமல்லாமல் ஜூனில் நான் கோபன்ஹேகன் போகிறேன், என் கணவர் ராஸ்முஸின் உறவினர் வீட்டுக்கு. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது, அவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நீ வந்தாலும் நான் இருக்க மாட்டேன். ஹாலந்திலேயே இருக்கும் டெக்செல் தீவுக்குப் போயேன், அங்கேயும் கடல்தானே, கப்பல் ஆட்டமும் கிடையாது. அடுத்த வருடம் பார்க்கலாம்.

கேட்கிறாயா, அண்ணா? பணம் அனுப்பாதே.

அன்புடன்,
தங்கை
ஹில்டியா


மெப்பல்
4 ஏப்ரல் 1998

திரு. நோர்பி அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பாமல் இருக்கவும் காரணம் இருக்கிறது. தங்கள் ஊரில் இருக்கும் என் தங்கை சொல்கிறாள், தங்கள் கூரை ஒழுகுகிறதாம், சுவர் ஈரமாம், கடல் தெரியாதாம், தாங்கள் குடிப்பவராம். குடிப்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை. படகுத் துறையில் குடிக்காத ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் கூரையைப் பற்றித் தெரிந்தாக வேண்டும்.

என்னிடம் ஒரு தாள் இருக்கிறது. அதன்படி, வீட்டு வாசல்படியில் அன்றைய செய்தித்தாளை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள். தோட்டமும் தெரிய வேண்டும். பணம் யார் பெயருக்குப் போகும் என்றும் எழுதுங்கள்.

நான் மெதுவாக எழுதுகிறவன். மெதுவாகப் பணம் கொடுக்கிறவனும்கூட.

வீபே


தபால் பெட்டி 14, மார்ஸ்டால்
20 ஏப்ரல் 1998

ஐயா,

தங்கள் தங்கை சொன்னதில் ஒரு வார்த்தைகூட உண்மையில்லை. கூரை 1995இல் புதிதாகப் போட்டது, ஒரு சொட்டு இறங்கியதில்லை. சுவர் ஒவ்வொரு வசந்தத்திலும் வெள்ளை அடிக்கப்படுகிறது. சமையலறையிலிருந்தும் இரண்டு படுக்கையறைகளிலிருந்தும் கடல் தெரியும், நன்றாகத் தெரியும். அந்த வீட்டில் யாரும் எப்போதும் குடித்ததில்லை. ஜன்னல் கண்ணாடி வாரம் ஒரு முறை துடைக்கப்படுகிறது. இந்தத் தெருவிலேயே சுத்தமான வீடு அதுதான் என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

படம் இணைத்துள்ளேன். பணம் வங்கி வழியாக வேண்டாம். தபால் பெட்டி எண்ணுக்கு மணியார்டர் போதும்.

ஆனாலும் தாங்கள் வராமல் இருப்பதே நல்லது என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஹாம்பர்க்கிலிருந்து ஒரு குடும்பம் அதே தேதியைக் கேட்கிறது. மே 10க்குள் தங்கள் பணம் வராவிட்டால் அவர்களுக்கு.

எ. நோர்பி


மெப்பல்
1 மே 1998

அன்புத் தங்கைக்கு,

நலம். இங்கே மரமெல்லாம் துளிர்த்துவிட்டது. உன் இருமல் போய்விட்டதா? போயிருக்க வேண்டும்.

நோர்பி அனுப்பிய படத்தைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். வகுப்பில் எல்லோரும் பார்த்தார்கள். செய்தித்தாளில் 17 ஏப்ரல் என்று போட்டிருந்தது. டேனிஷ் எனக்குத் தெரியாது, ஆனால் தேதிக்கு மொழி ஏது? தாளில் சொன்ன சோதனையில் நோர்பி தேறிவிட்டான் என்றார் ஆசிரியை. கூர்ட்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

“மணியார்டராம்ல. வங்கின்னா பேரு தெரிஞ்சுடும்னு பயம். அந்தாளு பேரு நோர்பியே இல்ல, எழுதி வெச்சுக்க.”

நான் படத்தை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஆல்டாவின் பூதக்கண்ணாடியை வைத்து மூன்று நாள் பார்த்தேன். எழுத்தைத்தான் நான் மெதுவாகப் படிப்பேன். கயிற்றைப் பிறந்ததிலிருந்து படிக்கிறேன்.

தோட்டத்தில் துணி காயப்போடும் கொடி இருக்கிறது. வீட்டுப் பக்கத்து முனை சாதாரண ஆணியில். இன்னொரு முனை ஒரு கம்பத்தில் கட்டியிருக்கிறது. இரண்டு சுற்று, பிறகு குறுக்காக ஒன்று, வால் முனை திரும்பி அடியில் செருகல். அந்த முடிச்சை எந்த டேனிஷ்காரனும் போட மாட்டான். எந்த டச்சுக்காரனும் போட மாட்டான். நாற்பது வருடம் ஹாலந்திலும் ஜெர்மனியிலும் எத்தனையோ துறைகளில் படகைக் கட்டியிருக்கிறேன். அப்படிக் கட்டியவர்கள் மூன்றே பேர். ஒருவர் நம் அப்பா. ஒருவன் நான். அவர் அதை வெளியாள் யாருக்கும் சொல்லித்தந்ததில்லை என்று உனக்கே தெரியும்.

ஆகவே நோர்பி நல்ல இடத்தில் தொழில் கற்ற ஆள் என்று முடிவு செய்துவிட்டேன்.

கொடிக்குப் பின்னால் துணி துவைக்கும் கொட்டகை. வீட்டைவிடப் பழையது. அதன் சின்ன ஜன்னலில் திரை. தகரப் புகைபோக்கியில் புகை. வெளியே ஒற்றை நாற்காலி, அதில் வெயிலுக்கு வைத்த ஒற்றைத் தலையணை. அங்கே யாரோ குடியிருக்கிறார்கள், ஹில்டியா. கடல் தெரியும் இரண்டு படுக்கையறை இருக்கும் வீட்டின் பின்னால்.

முந்தாநாள் தபால் நிலையம் போனேன். அங்கே இருக்கும் பெண் மணியார்டர் தாளை என்னிடமிருந்து வாங்கவே யோசித்தாள்.

“ஐயா, ஆளத் தெரியுமா உங்களுக்கு? இப்படி முன்பணம்னு அனுப்பிட்டு வாரத்துக்கு ரெண்டு பேர் இங்க வந்து அழுவுறாங்க.”

“தெரியும்மா.”

“நேர்ல பாத்திருக்கீங்களா?”

“பாத்துப் பதினாலு வருசம் ஆச்சு” என்றேன்.

என்ன சொன்னேன் என்று வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. அவள் முத்திரை குத்தித் தந்தாள். தாள் முழுவதையும் நானே நிரப்பினேன், ஒரு அடித்தல் கிடையாது.

நீ கோபன்ஹேகன் போவதானால் போய் வா. ராஸ்முஸின் உறவினர்களுக்கு என் வணக்கம் சொல்.

அண்ணன்
வீபே


மெப்பல்
3 மே 1998

திரு. நோர்பி அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாயிரத்து ஐந்நூறு குரோனர் அனுப்பிவிட்டேன். தங்கள் நிபந்தனைகள் எல்லாம் சம்மதம். மீட்டர்படி மின்சாரம், சுத்தம் செய்வது, எல்லாம்.

பணம் கொடுப்பவன் என்ற முறையில் எனக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அந்த இரண்டு வாரமும் பின்பக்கக் கொட்டகையில் யாரும் தூங்கக் கூடாது. இரண்டு படுக்கையறையில் ஒன்று எனக்கு. இன்னொன்று, துணிக்கொடியைக் கட்டியவருக்கு. நான் குறட்டை விடுவேன் என்று ஆல்டா சொல்வாள், எனக்குக் கேட்காததால் அது உண்மையா என்று தெரியாது. அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்குச் சம்மதமில்லை என்றால் எழுதுங்கள். நான் வரவில்லை. முன்பணத்தையும் திருப்ப வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கேட்க மாட்டேன். இதுவரை நான் கேட்ட கேள்வி போதும்.

வீபே


மார்ஸ்டால்
29 மே 1998

அண்ணா,

நீ சுகமா? நான் எப்படி இருக்கிறேன் என்பதை இந்தத் தடவை உள்ளபடி எழுதுகிறேன்.

நான்கு வாரமாகப் பதில் இல்லையே என்று நினைத்திருப்பாய். நோர்பியாக மூன்று கடிதம் தட்டச்சு செய்தேன், மூன்றையும் அடுப்பில் போட்டேன். தட்டச்சு இயந்திரம் ராஸ்முஸ் கப்பலில் இருந்து கொண்டுவந்தது. இனி அதைத் தொட மாட்டேன்.

எப்பே நோர்பி என்று ஒருவர் இருக்கிறார். துறையில் கப்பல் சீட்டுக் கொடுப்பவர். எனக்காகத் தன் பெட்டி எண்ணைக் கொடுத்தார். நீ எழுதியதில் அவரைப் பற்றி என்ன இருக்கிறது என்று கேட்டார், சொன்னேன்.

“நான் குடிகாரனா? ஹில்டியாம்மா, எனக்கு வயித்துப்புண்ணு. நாலு வருசமா பால்தான் குடிக்கிறேன். உங்கண்ணன் வரட்டும், அவர் முன்னாடியே ஒரு தம்ளர் குடிச்சுக் காட்டறேன்.”

இந்த வீடு ஆறாவது கோடையாக வாடகைக்குப் போகிறது. ராஸ்முஸுக்குக் கால் முடியாமல் போனதிலிருந்து. ஏப்ரல் வந்தால் நாங்கள் இருவரும் கொட்டகைக்குப் போய்விடுவோம், ஆகஸ்ட் கடைசியில் திரும்புவோம். “கப்பல்ல நான் படுத்த அறையவிட இது பெரிசுடி” என்பார். அவர் இருந்தவரை அது பெரியதாகத்தான் இருந்தது. போன கோடையும் அதற்கு முந்தையதும் நான் தனியாக. விருந்தாளிகள் காலையில் என் சமையலறையில் என் கோப்பைகளை எடுத்து வைக்கும் சத்தம் கொட்டகையில் கேட்கும். வேலைக்காரி என்று நினைத்துக் கை ஆட்டுவார்கள். நானும் ஆட்டுவேன்.

இதையெல்லாம் ஆல்டாவுக்கு நான் எழுதவில்லை. புதுக் கம்பளம் வாங்கினோம் என்று எழுதினேன். வாங்கியது நிஜம், நடப்பது மற்றவர்கள். ஆல்டா உனக்குப் படித்துக் காட்டுவாள், நீ படகில் எல்லோரிடமும் சொல்வாய், தங்கை கப்பல் தலைவனைக் கட்டி நன்றாக இருக்கிறாள் என்று. அது அப்படியே இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். நீ வருகிறேன் என்றபோதெல்லாம் இடமில்லை என்றேன். கோடையில் உண்மையிலேயே இடம் கிடையாது. அது ஒன்றுதான் நான் சொன்னதில் பொய்யில்லாதது.

அந்த மாத இதழில் விளம்பரம் கொடுத்ததற்கும் ஒரு காரணம் உண்டு. படகுக்காரர்கள் வீட்டைத் துடைத்து வைத்துவிட்டுப் போவார்கள். இன்னொரு காரணத்தை எழுதக் கை கூசுகிறது. அந்த இதழ் போகும் வீடுகளில் என்னைத் தேடி வரக்கூடிய ஒரே ஆளுக்குப் படிக்கத் தெரியாது என்று தைரியமாக இருந்தேன். உன் முதல் கடிதத்தை எவனோ எழுதியிருக்கிறான் என்று நான் பயந்தது நிஜம். அதைவிட, நீதான் எழுதியிருக்கிறாய் என்று பயந்தேன்.

இப்போது பண விஷயம். ஹாம்பர்க் குடும்பத்திடம் நான் ஏப்ரலிலேயே முன்பணம் வாங்கிவிட்டேன், ஜூன் 13 முதல் 27 வரைக்கு. உனக்கு வீடு கொடுக்கவே முடியாதபடி செய்துவிட்டால் பிறகு பொய் சொல்ல வேண்டியதில்லை என்று. அதையும் செலவழித்துவிட்டேன், மண்ணெண்ணெய்க்கும் வரிக்கும். அதற்குள் உன் மணியார்டர் வந்தது. ஒரு வாரம் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன வெள்ளிக்கிழமை அதை எடுத்துக்கொண்டு தபால் நிலையம் போய், அப்படியே ஹாம்பர்க்குக்கு அனுப்பிவிட்டேன். கூட ஒரு வரி எழுதினேன்: அந்த இரண்டு வாரம் வீடு வாடகைக்கு இல்லை, வீட்டுக்காரி தன் வீட்டில் இருக்கப்போகிறாள்.

ஆக, அவர்கள் பணமும் என்னிடம் இல்லை, உன் பணமும் இல்லை. திருப்பித் தரச் சொன்னால் என்னால் முடியாது. மீதிப் பாதியைக் கொண்டுவந்தால் கதவைத் திறக்க மாட்டேன். கொடுத்த முன்பணத்தை நீ கழிக்க ஒரே வழிதான் இருக்கிறது, வந்து தங்குவது.

சீக்கிரம் வா.

தங்கை, வீட்டுக்காரி
ஹில்டியா